விசில் ஊதாத நாள்

ஐந்தாம் நாள்.
டிரைவர் செங்கோடன் தூங்கவேண்டும் என்பதற்காக
நாங்கள் முப்பத்தெட்டுப் பேர்
கடல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரை, திருச்செந்தூர், சுசீந்திரம், குமரி
எல்லாமே இருபது இருபது நிமிடங்கள்.
செருப்பைக் கழற்றி மாட்டிய நேரம் போக
சாமிக்கு எவ்வளவு மிஞ்சியது?
கணக்கு எழுதும் கை, கேட்கத் தோன்றுகிறது.
ராசிபுரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் பேரேடு
பத்தொன்பது வருடமாக
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இன்று குமரகுருவின் விசில்
அவர் கழுத்திலேயே கிடக்கிறது
ஞாயிற்றுக்கிழமைத் தபால்பெட்டி மாதிரி.

பொழியூர்.
நேற்று கொல்லங்கோடு தாண்டியதும்
கடைப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுவிட்டது.
நெய்யாறு இங்கே கடல்வரை வந்துவிட்டு
மணல்திட்டுக்கு இந்தப் பக்கம்
போவதா வேண்டாமா என்று நிற்கிறது.
ஒருவரும் அதை அவசரப்படுத்தவில்லை.

ஏழாம் நம்பர் சீட்காரர், ரிட்டயர்டு வி.ஏ.ஓ.,
முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.
மூச்சு விடும்போதெல்லாம்
தலைப்புச் செய்தி எழுந்து எழுந்து அடங்குகிறது.
பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் யாரோ
ஈரத்துண்டு காயப்போட்டிருக்கிறார்கள்.
பை வைக்கும் இடத்துக்காக நாகர்கோவில் வரை
சண்டை போட்டுவந்த நாத்தனாரும் அண்ணியும்
ஒரே பொட்டலத்தில் கடலை தின்கிறார்கள்.
சமாதானம் என்று சொல்லமுடியாது.
கடலை தின்கிறார்கள்.

சமையல் மாதப்பனுக்கும் இன்று லீவு.
மதியம் பத்ரோஸ் கடையில்
கப்பையும் சாளைக் குழம்பும்.
எங்கள் ஊர் மரவள்ளிதான்.
மூட்டை மூட்டையாக நான் எழுதித் தள்ளிய அதே கிழங்கு
வெந்து, மலர்ந்து, ஆவி விட்டுக்கொண்டு
தட்டில் வந்து உட்கார்ந்தது.
மாவு எத்தனை பாயிண்ட் என்று கேட்காமல்
இரண்டு தட்டு தின்றேன்.

பிறகு மணலில் உட்கார்ந்தேன்.
இருபத்துநாலு வந்தார்.
நான்கு இரவுகள் என் தோளில் தூங்கியவர்.
பெயர் கேட்டதில்லை.
அமராவதி என்றார், ஆத்தூர்ப் பக்கம்.
இத்தனை நீளக் கரையிலும்
என் இடப்பக்கமாகவே உட்கார்ந்தார்,
ஜன்னல் அவருக்கு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அலை வந்தது, போனது,
அதில் பேச ஒன்றுமில்லை.

திடீரென்று விசில்.

எழுந்தோம். ஓடினோம்.
புடவையைப் பிழிந்துகொண்டே சிலர்,
ஒற்றைச் செருப்போடு வி.ஏ.ஓ.,
கடலைப் பொட்டலத்தோடு நாத்தனார்.
பஸ் வாசலில் வரிசையாக நின்று
நாங்களே எங்களை எண்ணிக்கொண்டோம்.
முப்பத்தேழு.
கதவு பூட்டியிருந்தது.
கடைசி ஜன்னல் வழியே
செங்கோடனின் உள்ளங்கால் இரண்டும்
வெளியே நீட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்த்தால்
தென்னைநிழலில் குமரகுரு மல்லாந்து கிடக்கிறார்.
அவர் கழுத்துக் கயிற்றின் மறுமுனையில்
பதினோராம் சீட்டுப் பையன் யுகன்,
முப்பத்தெட்டாவது ஆள்,
விசிலும் வாயுமாக
உறைந்து நிற்கிறான்.

யாரும் திட்டவில்லை.
யாரோ உதட்டில் விரல் வைத்தார்கள்,
அந்த உள்ளங்கால்களுக்காக.
கோயில் பிரகாரத்தில்கூட இவ்வளவு மெதுவாக
நாங்கள் நடந்ததில்லை.

அமராவதி இந்த முறை
என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.
“கொஞ்ச நேரம்
நீங்க ஜன்னல் பக்கம் இருங்க.”