பத்து வாரம்

சம்பந்தியாக வரப்போகிறவர்
தொண்ணூற்றொன்றில் ஏதோ வழக்கில் உள்ளே இருந்தவராம்.
சொன்னவள் யாரென்று கேட்காதீர்கள்.
தேக்கா ஈரச்சந்தையில், மீன் வெட்டும் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.
பாதிதான் காதில் விழுந்தது.
தூக்கம் கெட அந்தப் பாதி போதும்.

கன்டோன்மென்ட் காவல் கட்டடத்தில்
எண் சீட்டு எடுத்து முக்கால் மணி நேரம் குளிரில்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண்,
என் வினோதா வயதுகூட இருக்காது.
யாருடைய பதிவு வேண்டும்?
ஒருத்தருடையது.
அந்த ஒருத்தர் நீங்களா?
சிரிக்காமல்தான் கேட்டாள்.
அவரவருடையதை அவரவர்தான் கேட்க முடியும், ஆன்ட்டி,
அதுவும் விசா கிசா என்று காரணம் காட்டி,
பத்து விரலையும் பதித்து, பணம் கட்டி.
அடுத்தவர் குற்றம் இந்தக் கவுண்டரில் கிடைக்காது.

நீதிமன்றத்துக்குப் போனேன்.
திரையில் ஓடியவை இன்றைக்கு வந்த பெயர்கள்.
மகன், மகன், மகன்.
சீனப் பெயர்களுக்கு இல்லாத ஒரு தகப்பன்
நம் பெயர்களுக்குப் பின்னால் மட்டும்
ஜாமீன்தாரர் மாதிரி வந்து நிற்கிறான்.
பழைய கோப்பு வேண்டுமென்றால்
வழக்கு எண் வேண்டுமாம்.
வழக்கு எண் எங்கே கிடைக்கும்?
கோப்பில்.

மின்தூக்கியில் ஒரு வக்கீல் குமாஸ்தா இரக்கப்பட்டார்:
பத்திரிகையில் வந்திருந்தால் நூலகத்தில் இருக்கும்,
அதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

விக்டோரியா ஸ்ட்ரீட், பதினோராம் மாடி.
படச்சுருளை மாட்டித் தந்த பையன்
பிடியை மெதுவாகத் திருப்பச் சொன்னான்.
மெதுவாகவா?
ஜனவரி முழுவதும் ஒரே இழுப்பில் போயிற்று.
சேலைத் தள்ளுபடி, காலமானார், நாலு நம்பர் முடிவு,
வளைகுடாவில் சண்டை, மறுபடியும் சேலை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
முத்தையா, முத்தையா என்று தேடினேன்.
முத்தையா எங்கும் இல்லை.

ஆகஸ்ட் ஆறு. நாலாம் பக்கம், கீழ் மூலை.
ரோச்சோர் காப்பிக்கடையில்
நாற்காலியால் ஒருவரை அடித்த கப்பல் பட்டறைத் தொழிலாளி
துரைக்கண்ணு மகன் மாசிலாமணி, வயது 29,
பத்து வாரச் சிறை.

துரைக்கண்ணு என் மாமனார்.

பிடியை ஒரு சுற்று முன்னே திருப்பினேன்,
ஒரு சுற்று பின்னே திருப்பினேன்.
அங்கேயேதான் இருந்தார்,
நாய்க்கடி ஊசி பற்றிய செய்திக்குப் பக்கத்தில்.

அந்த ஆகஸ்டில் எனக்கு ஆறு மாதம்.
ப்ரூணையில் எண்ணெய்த் தொட்டிக்குச் சாயமடிக்கப் போகிறேன்,
அங்கே போன் கிடையாது என்றார்.
பெண்டிமியர் ரோட்டுப் புளோக் முழுக்க
நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
கூட்டாளி ஒருவர் முந்நூறு வெள்ளி கொண்டுவந்து
வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்,
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
ஏழாவது வாரமே திரும்பிவிட்டார்.
காண்ட்ராக்ட் சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.
வெயிலில் நின்று வேலை செய்தவர்
வெளுத்துப்போய் வந்தார்.
ப்ரூணையில் மழை அதிகமா என்று கேட்டேன்.
ஆமாம், ஒரே மழை என்றார்.

யாரை அடித்தார், எதற்கு அடித்தார்
என்று மூன்று வரியில் இல்லை.
கேட்கலாமென்றால்
ஆள் போய் எட்டு வருடம் ஆகிறது.
பத்து விரலும் சாங்கி கடலில்.

ஒரு பக்கம் அச்சடிக்க எவ்வளவு என்று பையனிடம் கேட்டேன்,
சொன்னான், சில்லறையும் இருந்தது.
வேண்டாமென்று சுருளைக் கொடுத்துவிட்டேன்.

பேருந்தில் ஏறியபோது வினோதாவின் செய்தி:
ருபேந்திரன் அப்பாவைப் பற்றி ஏதாவது கிடைத்ததா?
ஒன்றுமில்லை, நல்ல குடும்பம்,
தேதி பார்க்கச் சொல் என்று அனுப்பினேன்.

வீட்டில் இஸ்திரி மேசைமேல் விரித்திருப்பது
அவர் அப்போது வாங்கி வந்த பாத்தேக் துணி.
நீலத்தில் மஞ்சள் பூ.
முப்பத்து நாலு வருடச் சூட்டில் பூ கருகிவிட்டது,
நீலம் அப்படியே இருக்கிறது.
வெளியே விட்ட அன்றைக்கே
நேராக கேலாங் சிராய் போயிருப்பார்.
பேரம் பேசத் தெரியாது அவருக்கு.
ப்ரூணைச் சரக்கு என்று
நான் சொல்லாத ஆளில்லை.