பிளக் என் சட்டைப் பையில்

ஞாயிற்றுக்கிழமை செகாம்புட் பட்டறையில்
கம்ப்ரசர்கூட உறங்குகிறது.
நானும் ஷாஹினும் மட்டும்.
கெப்போங் அடுக்குமாடிக்கு
நாளைக் காலை பதினொரு கதவுகள்.
ஏழாவது கதவில் மெஷினின் குரல் மாறியது.

மழுங்கிய பிளேடின் சத்தம் தனி:
பல்லைக் கடித்துக்கொண்டு
பொய் சொல்கிறவனின் சத்தம்.
மெரந்தி சுருளாய் வராமல் தூளாய் வந்தது.
பலகையின் ஓரம் கருகி
தீய்ந்த சீனி வாசம்.

முதலில் சுவிட்ச்.
அது போதாது.
சுவிட்ச் வெறும் வாக்குறுதி,
மறதிக்காரர்கள் நிறைந்த ஊரில்.
பிளக்கைப் பிடுங்கி
சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.
என் நெஞ்சிலிருந்து மெஷின்வரை
கறுப்பு வயர் தொங்குகிறது.
"காக், சார்ஜ் ஏத்திக்கிறீங்களா?"
ஷாஹினுக்குச் சிரிப்பு.

உருளையில் மூன்று திருகுகள்.
மர ஆப்பு ஒன்றை இடுக்கி
அதை அசையாமல் நிறுத்துகிறேன்.
இறுகிய திருகு சட்டென்று இளகினால்
விரல் எங்கே போய் விழும் என்று
இளக்குவதற்கு முன்பே
விரலிடம் கேட்டுவைக்க வேண்டும்.

பிசின் ஒட்டிய பிளேடு
பக்கவாட்டில், மனசில்லாமல், நழுவி வருகிறது.
இரண்டு பக்கமும் கூர் உண்டு இதற்கு.
ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம்,
ஒரே ஒரு முறை.
அந்த முறையும் முடிந்திருந்தது.
பழையதை மாஸ்கிங் டேப்பால் சுற்றுகிறேன்,
குப்பையை அள்ளப்போகும் கை
யாருடையதோ.

"ஒன்றை மட்டும் மாற்று,
இன்னொன்று இன்னும் ஓடும்" என்பார்
முதலாளி ஆ கியோங்.
அவருக்குத் தெரியாதது உருளைக்குத் தெரியும்.
நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்று,
அதில் புதுசும் பழசும் எதிரெதிராய்.
ஜோடியாகத்தான் மாற்றுவேன்.
காசு கேட்டால் கேட்கட்டும்.

மலாயில் கெத்தாம் என்றால் இழைப்புளி,
கெத்தாம் என்றால் நண்டும்.
தமிழ் இன்னும் மோசம்.
மரத்தை இழைக்கிறோம்,
அதே சொல்லை வைத்துக்கொண்டு
தவறையும் இழைக்கிறோம்.

நடுத்திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
என் விரல்கள் இரண்டு உருளைக்குள் இருந்தன.
வியர்வை தாங்காமல் ஷாஹின்
மின்விசிறியைப் போட எழுந்தான்.
பலகையில் நான்கு சுவிட்சுகள்,
எதற்கும் பெயர் இல்லை.
எது எதுவென்று தெரியாமல்
நான்கையும் தட்டினான்.

மின்விசிறி சுற்றியது.

வேறொன்றும் சுற்றவில்லை.
மூன்றாவது சுவிட்சில் சிவப்பு விளக்கு,
அதன் மேலே காலி சாக்கெட்,
மூன்று துளையும் திறந்தபடி.
அவன் கை அங்கேயே நின்றது.
அவன் சாக்கெட்டைப் பார்த்தான்,
வயரைப் பார்த்தான்,
என் சட்டைப் பையைப் பார்த்தான்.

என் இடது மோதிர விரலில்
நகம் கிடையாது.
அது வேறு பட்டறை.
அன்று போட்டிருந்த சட்டையில்
பை இல்லை.

திட்டவில்லை நான்.
திருகை முழுதாக இறுக்கிவிட்டு
இரும்பு அளவுகோலைப்
பின்தட்டில் வைத்துப் பார்த்தேன்.
பிளேடின் நுனி அதை
முத்தமிடலாம், முட்டக் கூடாது.
ஆப்பை எடுத்துவிட்டுப்
பக்கத்துக் கட்டையால் தள்ளி
உருளையை மெல்லச் சுற்றவைத்தேன்.
எங்கும் உரசவில்லை.

திரும்பினால்
ஷாஹின் மார்க்கர் பேனாவோடு
சுவிட்ச் பலகை முன்னால் நிற்கிறான்.
ஒன்றுக்கு மேல் மூன்று இறக்கை.
ஒன்றுக்கு மேல் ஒரு பல்பு.
மூன்றாவதற்கு மேல் நண்டு,
எட்டுக் கால், இரண்டு கொடுக்கு,
ஒரு கொடுக்கு மட்டும் ரொம்பப் பெரிசு.

பின்னலைக் காலருக்குள் திணித்துக்கொண்டு
கதவின் ஓரமெங்கும் காந்தத்தை நகர்த்தினேன்.
ஆணி இல்லை.
அரை மில்லிமீட்டர். இரண்டு கையும்.
தொடக்கத்தில் முன்கை அழுத்தம்,
முடிவில் பின்கை.
சுருள் வந்தது,
வெங்காயத் தோல் மாதிரி,
வெளிச்சம் உள்ளே தெரிகிற மாதிரி.

விரலை எடுத்த பிறகும்
உருளை சுற்றிக்கொண்டே இருக்கும்.
நிற்கும்வரை கீழே வைக்கக் கூடாது.
நான் தமிழில் பத்துவரை எண்ணுகிறேன்.
ஷாஹின் வங்காளத்தில் எண்ணுகிறான்.
அவன் எண்கள் கொஞ்சம் மெதுவானவை.

காத்திருக்கிறேன்.