தராசுக்குப் புள்ளடி

அந்த நாளில் நான் கிராமச் சங்கத்தின் விளக்கேற்றி.
ஒட்டுசுட்டானில் பதினொரு கம்பம்,
ஏணி ஒன்று, எண்ணெய்ப் போத்தல் ஒன்று,
மாதம் இருபத்தேழு ரூபாய்.

நாகநாதியார் அதற்கு முந்தியே முதலாளி.
கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்தவர் என்பார்கள்.
நடந்து வந்தேன், சைக்கிள் பிறகு என்பார் அவர்.
முதிரை, தேன், பாலைப்பழம், மான்தோல்,
காடு எதை உதிர்த்தாலும்
அவருடைய தராசில்தான் வந்து விழும்.
ஒரு தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தது.
வாங்கும்போது படிக்கல் ஏறும் தட்டு அது,
விற்கும்போது சாமான் ஏறும் தட்டு.
ஊருக்கே தெரியும்.
அடுத்த தராசு முள்ளியவளையில்.
நடுவில் யானை.

தேர்தலுக்கு நின்றார்.
கச்சேரியில் சீட்டுக் குலுக்க
அவருக்கு விழுந்த சின்னம் தராசு.
கிளாக்கர் சிரிப்பை அடக்க இருமினாராம்.
எதிர்த்து நின்றவர் வல்லிபுர வாத்தியார். சின்னம் குடை.
மாரியும் குடையின் பக்கம்தான்,
ஆனால் முதலாளியிடம் கொப்பி இருந்தது,
நீலக்கோடு போட்ட நீளக் கொப்பி.
அதில் பேர் இல்லாத வீடு இரண்டே இரண்டு,
ஒன்று வாத்தியாருடையது.
அவர் ஒருவரையும் மிரட்டவில்லை.
கொப்பியைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு
மதகடியில் நின்றார், அவ்வளவுதான்.
நூற்றுப்பதின்மூன்று புள்ளடி கூட.

சேர்மன் ஆன பிறகு
மண்ணெண்ணெய்க் கொந்தராத்து மைத்துனர் பேருக்குப் போனது.
பத்து மணிவரை எரிந்த என் விளக்குகள்
எட்டரைக்கே கண்மூடின.
கேட்டேன்.
"எட்டரைக்குப் பிறகு றோட்டிலை உனக்கென்ன வேலை?"
இரண்டு கிணறும் வெட்டுவித்தார்.
இரண்டிலும் தண்ணீர். அதையும் சொல்லத்தானே வேணும்.

பிறகு அந்த மார்கழி.
காற்று முதலில் என் கம்பங்களைப் பிடுங்கியது,
அடுத்துக் கூரைகளை,
விடியுமுன் குளக்கட்டை.
கோயில் மண்டபத்தில் அறுநூறு பேர்,
ஈரத்தோடு, ஆடுகளோடு.
என்னிடமிருந்த ஒரே அரிக்கன் லாம்பை வாங்கிக்கொண்டு போய்
அவர் கிட்டங்கியைத் திறந்தார்.
கணக்கப்பிள்ளை கேட்டார்: "கொப்பி எங்கை?"
"நனைஞ்சு போச்சு."
நனையவில்லை. நான் பார்த்தேன்,
லாச்சிக்குள் மொறமொறவென்று கிடந்தது.
இருபத்துமூன்று நாள்
சுளகால் அள்ளிக் கொடுத்தார்.
தராசில் சிலந்தி வலை கட்டியது.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
அதே தராசு, அதே குடை, நாற்பத்தொரு புள்ளடியால்.
நானும் குடைக்குத்தான் போட்டேன்.
ஏன் என்று கேளாதீர்கள்.
எழுதின கடனை இறுக்கலாம்.
எழுதாததை எந்தப் படியால் அளந்து
எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?
அவர் எதிரே வந்தால்
ஊர் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது,
அந்த இருபத்துமூன்று நாளிலிருந்தே.

மறுநாள் விடிய கடைக்குப் போனேன்.
அரை றாத்தல் சீனி.
நிறுத்தார். தட்டு புளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.
"காசு?"
"மாதக் கடைசியிலை."
லாச்சியை இழுத்துக் கொப்பியை எடுத்தார்.
விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டினார்,
என் பேரைத் தேடினார்,
பென்சில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எழுதி முடிக்கும்வரை
நான் மூச்சு விடவில்லை.