கண்மட்டம்

ஐந்து மணிக்குத் திருந்தாதி மணி.
அதற்கு முன்னமே முழங்காவில் சந்தியில்
சைக்கிள் கரியர்களில் ரியூப் நாடாவால் இறுக்கிக் கட்டின
பால் கான்கள் வரிசைக்கு வந்துவிடும்.
நிலையத்தின் கதவைத் திறந்து
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு
பால்மானியைத் துடைப்பேன்.
எட்டு வருசமாய் இதுதான் என் வேலை.

நுரை அடங்கவேண்டும்.
கண்ணாடிக் குழல் ஆடி ஆடி ஓய்ந்து
ஒரு கோட்டில் நிற்கும்.
அந்தக் கோட்டை நின்றபடி வாசித்தால் பிழை,
குனிந்து பார்த்தாலும் பிழை.
சீமெந்து நிலத்தில் முழந்தாளிட்டு
கண்ணும் பாலும் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான்
இருபத்தெட்டு இருபத்தெட்டாய்த் தெரியும்.

அதனால் முழந்தாள் இரண்டும் காய்ச்சுப்போய்க் கிடக்கின்றன.
பூசையில் பக்கத்தில் இருக்கும் எமிலியம்மா
அதைப் பார்த்து என்னைப் பெரிய செபக்காரி என்பா.
நான் மறுத்ததில்லை.

போன தபசுகாலத்தில்
மூப்பர் சந்தியாப்பிள்ளையின் பால் இருபத்துமூன்றில் நின்றது.
"கான் கழுவின தண்ணி பிள்ளை, வடியாமல் கிடந்திருக்கும்."
திருப்பி அனுப்பினேன்.
அன்று பின்னேரம் சிலுவைப்பாதையில்
அவர் சிலுவை பிடித்தார், நான் பாட்டெடுத்தேன்.
ஒவ்வொரு தலத்திலும் எனக்குள் ஒரு இனிப்பு ஊறியது.
அதைப் பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

என் சொந்தப் பசுவின் பாலை
அந்த நாட்களில் நான் அளப்பதில்லை.
பதிவுப் புத்தகத்தில் மரியசீலி என்பதற்கு நேரே
பேனை தானாக இருபத்தெட்டு எழுதும்.
செவ்வாய்க்கிழமைகளில் லோன்காரன் வருவான்.
முதலில் ஒரு செம்புக் கிணற்றுத் தண்ணீர்.
பிறகு ஒன்றரைச் செம்பு.
"என் பாவமே" என்று நெஞ்சில் தட்டும்போது
கை போத்தல் கணக்குப் பார்க்கும்.

பரிமளகாந்திக்கு எங்கள் கோயிலின் வாசல் எந்தப் பக்கம் என்றும் தெரியாது.
நாகதம்பிரானுக்குப் பால் நேர்ந்தவள்.
ஒரு காலை அவளது பால் இருபத்தைந்து காட்டியது.
மழைப்புல்லோ, மாட்டுக்குச் சுகமில்லையோ, தெரியாது.
அவள் வாதாடவில்லை. கானைத் தூக்கினாள்.
"நீ சொன்னாச் சரி சீலி.
முழந்தாளில நிண்டெல்லோ பாக்கிறாய்."

அவ்வளவுதான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.
செயின் கவருக்குள் எதுவோ தட்டும் சத்தம்
மன்னார் வீதி வரைக்கும் கேட்டது.

என் கான் மேசைக்குக் கீழே இருந்தது.
எடுத்து ஊற்றினேன்.
நுரை அடங்க நேரம் எடுத்தது,
வரிசையில் ஒருவரும் கதைக்கவில்லை.
முழந்தாளிட்டேன்.
எட்டு வருசத்தில் முதல் தடவையாக
நிலம் குளிர்ந்தது.

இருபத்திரண்டு.

சிவப்புப் பேனையால் எழுதினேன்.
சந்தியாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.
"கான் கழுவின தண்ணியோ பிள்ளை?"
"இல்லை" என்றேன், "கிணத்துத் தண்ணி."
அவர் சிரிக்க வாயெடுத்தார், ஏனோ சிரிக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி
மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.
கம்பனி ஐந்து மாதம் சம்பளத்தில் வெட்டியது.
எது கூடப் பாரம் என்று இன்னும் தெரியாது.
வானம் ஒன்றும் திறக்கவில்லை.
ஐப்பசி மழைகூடப் பிந்தித்தான் வந்தது,
லோன்காரன் மட்டும் பிந்தவில்லை.
பாட்டில் என் குரல் இறங்கிவிட்டதாம்,
எமிலியம்மா சொன்னா.
இருக்கலாம். இப்போது மற்றவர்களின் குரல் கேட்கிறது.

பொழுதுபட என் கானைக் கழுவி
வேலிக் கதியாலில் கவிழ்த்துவிட்டு
கடைசிச் சொட்டு விழுமட்டும் நிற்பேன்.
நுளம்பு கடிக்கும்.
சில நாள் அது விளிம்பிலேயே
வெகுநேரம் தொங்கிக்கொண்டிருக்கும்,
விழவே மாட்டாதது போல.

நிற்பேன்.