ஏழாவது கேள்விக்குறி

விஸ்டாவைத் துடைத்தெறிந்துவிட்டு
எக்ஸ்பியை ஏற்றினார் எல்பியோ.
மிர்த்தாவின் பூத்தையல் எந்திரம்
பழசோடுதான் பேசுமாம்.

பேசியது.
மற்றதெல்லாம் ஊமை.
சத்தம் இல்லை, இணையம் இல்லை.
எழுத்துகள் கடைப்பலகை அளவுக்கு.
சாதனப் பட்டியலில்
ஏழு மஞ்சள் கேள்விக்குறிகள்.

நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர்
இணையத்தில் இருக்கிறது.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்
பைத்தியம் தெளியும்.

மாத்தே இலைப் பொட்டலத்தின் முதுகில்
எண்களை எழுதிக்கொண்டார்.
எட்டு, பூஜ்யம், எட்டு, ஆறு:
அது செய்தவனின் குலப்பெயர்.
பின்னால் வருவது பிள்ளையின் பெயர்.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு
பைசாண்டுவின் சரிவுத் தெருவில்
ஒடிலியா வீட்டுக்கு இறங்கினார்,
ஏறினார், மறுபடி இறங்கினார்.
நான்காம் தடவை
அவள் கதவைச் சாத்தவே இல்லை.

இரவு ஒன்றே காலுக்கு
கணினி டிங் என்றது.
தூக்கத்திலிருந்து மிர்த்தா கேட்டாள்:
"வாசலில் யாரு?"

"ஸ்பீக்கர்."

ஆறு அடங்கிவிட்டன.
ஏழாவது என்ன சாதனம் என்று
இன்றுவரை தெரியாது.
எதுவும் நிற்கவில்லை, எதுவும் குறையவில்லை.
மேசைவிரிப்பில் பூ விழுந்துகொண்டிருக்கிறது.
உள்ளே யாரோ ஒருவர்
பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல்
உட்கார்ந்திருக்கிறார்.