காது நுனி

கட்டணக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பதினாறு வருஷமாக
இந்த மலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறேன்.
வல்பராய்சோவில் மலை என்றால் தெரு,
தெரு என்றால் படிக்கட்டு,
படிக்கட்டு என்றால் பூனை.

ஒரு பெட்டி ஏறினால்
அதே கம்பிவடத்தில் மற்றது இறங்கும்.
அவ்வளவுதான் வேலை.
கைக்குத்தான் வேலை குறைவு. காதுக்கு இல்லை.

ஆறே முக்காலுக்கு உபெர்லிந்தா வருவாள்.
செய்தித்தாளில் சுற்றிய மீன்தலைகள்,
ஈரம் கசிந்து எழுத்தெல்லாம் அழிந்திருக்கும்.
"பசித்த வாயை எண்ணிப் பார்க்கிறவள் மனுஷியா?"
நான் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டேன்.

எட்டு மணிக்கு ஹிமேனா,
கம்பிக்கூண்டு, அதன்மேல் பழைய துண்டு.
ஒருநாள் நோட்டைத் திறந்து காட்டினாள்:
தேதி, நிறம், ஆணா பெண்ணா, தையல்.
"அவள் போடும் ஒவ்வொரு தலையும்
அடுத்த ஈற்றுக்குக் கட்டும் முன்பணம்."

நிபால்டோவுக்கு நேரம் கிடையாது.
துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்.
பால்கனி முழுக்க மீன்வலை அடித்து
உள்ளே ஒன்பது வைத்திருக்கிறார்.
"தெருவிலேயே விட்டுவிட்டு
அதற்கு அன்பு என்று பெயர் வேறு."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
உலகம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்,
எங்கள் மலையில் கட்டியாயிற்று.
கட்டியவர் நிபால்டோ, சிட்டுகளுக்காக.
அவிழ்த்தது யார் என்பதுதான் இங்கே வழக்கு.
(மணி என் சில்லறை டப்பாவில் கிடக்கிறது.
இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.)

அந்தச் சாம்பல் நிறத்தவள்
உபெர்லிந்தாவுக்கு மகாராணி,
ஹிமேனாவுக்கு அறுபத்து நாலு,
நிபால்டோவுக்குக் கேப்டன்.
எனக்கு 'ஏய்'.

ஆகஸ்ட் மழையில்
வயிறு தரையைத் தொடும் நிலையில் அகப்பட்டாள்.
"உள்ளே நாலு இருக்கிறது, என்ன செய்ய?"
என்றாராம் டாக்டர்.
செய்யுங்கள் என்றாளாம் ஹிமேனா.

மறுநாள் கீழ்வாசலில், வரிசை நின்றிருக்க:
"நாலு உயிர்!"
"போன வருஷம் ஐந்து போட்டாளே, எங்கே?
உன் மீன் தின்றவை எங்கே?
ஷூப் பெட்டியில் வைத்துப் புதைத்தது
நான்தானே, நீயா?"
"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்..."
என்று நிபால்டோ வாயெடுத்ததும்
இருவரும் ஒரே குரலில்:
"ஒன்பதே நாறுகிறது!"

அந்த ஒரு வாக்கியத்தில்தான்
அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது.

காது நுனி நேராக வெட்டுப்பட்டுத் திரும்பினாள்.
மூன்று நாள் என் கூண்டில், ஹீட்டர் அருகில்.
ஹிமேனா மாத்திரைகளை வைத்துவிட்டுப் போனாள்.
உபெர்லிந்தா அன்று தலை கொண்டுவரவில்லை,
நல்ல சதைத் துண்டு,
முள் நீக்கி, வெதுவெதுப்பாக.
மாத்திரையை நகத்தால் பிளந்து
அதற்குள் திணித்தாள்.
"அவளிடம் சொல்லிவிடாதே."
சாயங்காலம் ஹிமேனா,
சில்லறையை எண்ணுவதுபோல்,
"தின்றதா?"
தின்றது என்றேன்.

இப்போதும் ஒருத்தி ஏறும் பெட்டியில்
மற்றவள் ஏறுவதில்லை. காத்திருப்பாள்.
ஆனால் கம்பிவடம் ஒன்று,
நடுவழியில் ஒரு கை எட்டும் தூரத்தில்
இரண்டு பெட்டிகளும் கடந்தாக வேண்டும்.
அப்போது ஒருத்தி கடலைப் பார்க்கிறாள்,
ஒருத்தி கைப்பைக்குள் எதையோ தேடுகிறாள்.
தண்டவாளச் சுவர்மேல் சாம்பல்காரி
தன் பின்னங்காலை நக்குகிறாள்.

நேற்று பூட்டும் நேரம்
மேல்வாசலில் புதிதாக ஒன்று நின்றது.
கறுப்பு. முழுக் காது.
வயிறு கொஞ்சம் அகலம்,
மழையில் மயிர் நனைந்ததாலும் இருக்கலாம்.
என் சாண்ட்விச்சிலிருந்து
ஒரு துண்டு போட்டேன்.

மூன்று பேரும் இன்று காலை வந்து போனார்கள்.
நான் வாயே திறக்கவில்லை.