அம்பேல்

சுருக்குவலைத் தகராறைச்
சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை.
கடலூர் மஞ்சக்குப்பம், கோட்டாட்சியர் அலுவலகம்.
மூன்றாவது அமர்வு, இரண்டாவது டீ.

வடகரைக்காரர்கள் ஜன்னல் பக்கம்.
தென்கரைக்காரர்கள் பீரோ பக்கம்.
நடுவில் மின்விசிறி
யாருக்கும் காற்று தராமல்
நியாயமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சமாதானம்" என்று ஆரம்பித்தார் அதிகாரி.
நெற்றியில் பதினோரு தையலோடு தனவேலு எழுந்தார்:
"எரிஞ்ச வலைக்கு யாரு பதில் சொல்றது?
சமாதானத்த அப்புறம் வெச்சுக்கலாம்."
அடித்துவிட்டேன்.

"ஒப்பந்தம்?"
அது ரோடு போடுறவங்களுக்கு என்றது பீரோ பக்கம்.
"போர் நிறுத்தம்" என்றார் ஆய்வாளர்.
"போரா? நாம என்ன வேற வேற நாடா?
எங்க அத்தைய அந்தக் கரையிலதான் குடுத்திருக்கு."
யார் சொன்னது என்று நான் குறிக்கவில்லை.
"இடைநிறுத்தம்" என்பது
கரன்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம்.

"அப்ப என்னதான்யா எழுதறது?"
பேனாவை மூடிவிட்டார் அதிகாரி.

அப்போதுதான் அஞ்சாப்புலி,
வலைக்குத் தீ வைத்ததாக
எப்.ஐ.ஆரில் மூன்றாவது பெயர்,
தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"மாசி மகம் வரைக்கும்
அம்பேல்."

சிரிப்பு எந்தப் பக்கம் தொடங்கியது என்று
இப்போதும் தெரியாது.
'மேற்படி'க்கும் 'மேன்மைதங்கிய'வுக்கும்
ஒரே இழுப்பில் கோடு வைத்திருக்கிற சுருக்கெழுத்தில்
அதற்குக் கோடில்லை.
முழுசாக எழுதினேன், நாலு எழுத்தும்.

புதுப்பாளையத்தில் எங்கள் தெருவில்
கட்டைவிரலைத் தூக்கி அதைச் சொன்னால்
துரத்துகிறவள் நிற்க வேண்டும்.
செருப்பு வார் அறுந்ததா,
ஒன்றுக்கு முட்டுகிறதா,
சும்மா பயமா,
காரணம் கேட்கக் கூடாது.

"ஐ ஆம் ஆன் பெயில்தான் தேஞ்சு அம்பேலாச்சு" என்பார்
எங்கள் தலைமை எழுத்தர் கலியபெருமாள்.
அப்படியானால் ஜாமீன் கொடுத்தது யார் சார்?
அவருக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்: துரத்தினவள்.
கை எட்டும் தூரத்தில்
மூச்சிரைக்க நின்றுவிடுகிறாளே, அவள்.
அவள் நிற்காவிட்டால்
அது சொல்லில்லை, வெறும் கத்தல்.

வளர்ந்த பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.
சீட்டுக் கம்பெனி அம்பேல்.
மிக்ஸி மோட்டார் அம்பேல்.
நிச்சயத்தோடு என் தம்பி கல்யாணமும் அம்பேல்.
மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப ஓடுவதற்கு வைத்திருந்த சொல்
திரும்பி வராததற்கெல்லாம் பெயரானது
எந்த வயதில்?

'மேற்படி தகராறு மாசி மகம் முடிய
தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது'
என்று திருத்தினார் அதிகாரி.
தட்டச்சு செய்தேன், மூன்று நகல்.
முப்பத்தொரு கையெழுத்து, நாலு கைநாட்டு.
அஞ்சாப்புலி மட்டும் மையைத் துடைக்கவில்லை.
காயட்டும் என்றோ என்னவோ
கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடியே
படியிறங்கிப் போனார்.
எதிரே வந்த தனவேலு
ஒரு படி ஒதுங்கி நின்றார்.

மகத்தன்று தேவனாம்பட்டினம் மணலில்
இரண்டு கரைச் சாமிகளும்
அடுத்தடுத்த டிராக்டரில் வந்திறங்கின.
போலீஸ் பந்தோபஸ்துக்கு வேலையில்லை;
ஐஸ் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள்.
முகத்துவாரத்தில் மோட்டார் அம்பேலான ஒரு வடகரைப் படகை
யாரோ கயிறு போட்டு இழுத்து வந்தார்களாம்,
ராத்திரியோடு ராத்திரியாக.
புகாரில்லை. நாலாவது அமர்வுக்கு
யாரும் தேதி கேட்கவில்லை.

"கோப்பை மூடிடலாமாம்மா?" என்கிறார் கலியபெருமாள்.
தவணை முடிந்துவிட்டது. தகராறு முடியவில்லை.
எந்தக் காரணம் காட்டி மூடுவது?

இருக்கட்டும் சார் என்கிறேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவர்.